புத்தி சரியென்று காட்ட ஒரு மாதம்

நானா,

நோன்பு வருகிறதென்று நேற்று வீடு கழுவினேன். அலுமாரியிலிருந்ததை எல்லாம் கட்டிலில் கொட்டியபோது, அடித்தட்டிலிருந்து பூச்சி உருண்டை மணத்தோடு உங்கள் வெள்ளைச் சட்டை வந்தது. ரிஸ்னாவின் நிக்காஹ்வுக்கு நீங்கள் போடுவதற்காக நான் தைத்தது. கடைசி இரண்டு பொத்தான் துளைகள் இன்னும் வெட்டப்படவில்லை. காலரில் குத்திய ஊசிகள் துருவேறி, துணியில் பழுப்புப் புள்ளிகள் போட்டிருக்கின்றன. உங்கள் மகளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். சட்டையை எறியவும் கை வரவில்லை, யாருக்கும் கொடுக்கவும் மனமில்லை. இந்த ஊரில் அதைப் போட்டுக்கொள்ளத் தகுதியான ஒரு ஆம்பளை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

"தங்கச்சிக்கு வாய் நீளம்" என்று இப்போதும் சிரிப்பீர்கள். சிரியுங்கள். கோபமெல்லாம் எப்போதோ ஆறிவிட்டது. மிஞ்சியிருப்பது அருவருப்பு. மீன் கழுவிய கையை எத்தனை தடவை சவுக்காரம் போட்டுக் கழுவினாலும் கொஞ்சம் மிஞ்சுமே, அந்த மாதிரி. உங்களோடு பேசினால் கொஞ்சம் குறையுமோ என்று உட்கார்ந்திருக்கிறேன்.

யுத்தம் முடிந்து, கடலுக்குப் போக இருந்த கெடுபிடிகள் தளர்ந்த காலம். சிறு வயதில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு உடுத்த உடுப்போடு வந்த நாம் இந்தக் கண்டக்குழிக் கரையில் கிடுகுக் கொட்டிலில் வளர்ந்து ஆளாகி, நீங்கள் கரைவலை முதலாளியான சம்மாட்டியிடம் வேலைக்கு நின்று பல வருடம் ஆகியிருந்தது. தோணியில் கொண்டுபோய்க் கடலை வளைத்துப் போட்ட வலையை, இரண்டு பக்கமும் முப்பது பேர் நின்று கரைக்கு இழுக்கும் வேலை. அந்த வருடம் உங்களுக்கு ஒரு வேகம் வந்தது. நாலு நாள் கண் மூடவில்லை. சம்மாட்டியின் தோணிக்கு அவர் கேட்காமலே பச்சையும் மஞ்சளும் பூசினீர்கள். மூன்று பேர் இழுக்கும் இடத்தில் ஒருவராக நின்று பாட்டோடு இழுத்தீர்கள். உங்கள் பங்கு மீனை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். மீன் முடிந்ததும் சைக்கிளைக் கொடுத்தீர்கள். மதினி சேர்த்து வைத்திருந்த பீங்கான் கோப்பைகளைக் கொடுத்தீர்கள். கேட்டவர்களுக்கெல்லாம் சிரிப்பும் கொடுத்தீர்கள்.

அப்போது ஒருவர்கூட உங்களுக்கு வருத்தம், நோய் என்று சொல்லவில்லை, நானா. "ஒங்கட நானாட கையில பரக்கத்து ஈக்கி புள்ள" என்று வாசலில் நின்று அந்தக் கையின் அருளைப் புகழ்ந்துவிட்டு, பையில் மீனோடு போனார்கள். "இப்பிடி நாலு பேர் எனக்கு ஈந்தா வலை இழுக்க ட்ரக்டரே வாணாம்" என்றார் சம்மாட்டி. அந்த மீனைத் தின்றவர்களை எனக்கு முகம் முகமாகத் தெரியும். இன்றைக்கும் கடையில் அவர்கள் என் முன்னால் பாண் வாங்க நிற்கும்போது நான் இரண்டடி தள்ளி நிற்கிறேன்.

பிறகு நீங்கள் விழுந்தீர்கள். மூன்று மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தீர்கள். குளிக்கவில்லை, ரிஸ்னா கூப்பிட்டால் திரும்பவில்லை. மீன் வாங்கித் தின்ற வீடுகளிலிருந்து ஒரு கோப்பைக் கஞ்சி வரவில்லை. அந்தப் பீங்கான் கோப்பைகளில் ஒன்றில் ஊற்றிக் கொடுத்திருக்கலாம். பேச்சு மட்டும் வந்தது. கொழுப்பு, சோம்பல், பொண்டாட்டி இடியப்பம் அவித்து விற்கிற தைரியம். மதினியே கொஞ்சம் நம்பினார். நானும் ஒரு நாள் "எழும்புங்க நானா, எவ்வளவு நாளைக்கு நடிக்கிறது" என்றேன்.

மறுபடி எழும்பியபோது அளவு மீறிப் போயிற்று. வலை இழுக்கிற ட்ரக்டரை எடுத்துக்கொண்டு, பெட்டி நிறைய மீனோடு மாம்புரி வரை போய் ரோட்டில் போகிறவர்களுக்கெல்லாம் வாரிக் கொடுத்தீர்கள். சம்மாட்டியின் ஆட்கள் பிடித்து வந்து உங்களைத் தென்னையில் கட்டினார்கள். பரக்கத்துள்ள அதே கையைப் பின்னால் முறுக்கி, வலைக் கயிற்றால். உங்களுக்கு ஜின் பிடித்திருக்கிறது என்று அப்போதுதான் அவர்களுக்கு ஞாபகம் வந்தது. நான் என் தையல் கடையிலிருந்து ஓடி வந்து, துணி வெட்டும் கத்தரிக்கோலால் அந்தக் கயிற்றை வெட்டினேன். கத்தரிக்கோலின் வாய் மழுங்கிப்போனது. சுற்றி நின்ற ஆம்பளைகளில் ஒருவன்கூட ஒரு கத்தி தரவில்லை.

அந்த வாரம்தான் முதல்முறை கிளினிக்குக்குப் போனோம். டொக்டர் சிங்களத்தில் பேசினார். சிலாபத்துப் பக்கம் கார்மெண்டில் வேலை செய்த காலத்தில் படித்த என் சிங்களத்தை வைத்து, அவர் சொல்லச் சொல்ல உங்களுக்குத் தமிழில் சொன்னேன். இது மூளையில் வருகிற ஒரு வருத்தம், பேர் இருமுனைக் கோளாறு. ஏறும்போது எல்லை தெரியாது, இறங்கும்போது அடி தெரியாது. யாரும் செய்வினை செய்து வந்ததில்லை, சோம்பலும் இல்லை, நடிப்பும் இல்லை. குளிசை போட்டால் வேலை செய்யலாம், பிள்ளை வளர்க்கலாம். நீங்கள் கவனமாகக் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னீர்கள்: "கடலுக்கு வாடையும் சோளகமும் மாதிரி எண்டு செல்றார். ரெண்டு காத்துக்கும் நடுவுல கொஞ்ச நாள் கடல் சும்மா கிடக்குமே, குளிசை அதத் தருமாம்." டொக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் சொன்னது சரிதான்.

இன்னொன்றும் அவர் சொன்னார். இந்த லித்தியம் குளிசை போடுகிறவர் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். வெயிலில் வேர்த்து உடம்பு காய்ந்தால் மருந்து இரத்தத்தில் கூடிவிடும். கை உதறினால், வாந்தி வந்தால், நடை தள்ளாடினால், பேச்சுக் குழறினால் ஒரு நிமிடமும் நிற்காமல் கொண்டு வரச் சொன்னார். நோன்பு பிடிப்பதென்றால் முதலில் தன்னைக் கேட்கச் சொன்னார். இதையும் நான்தான் என் வாயால் உங்களுக்குத் தமிழில் சொன்னேன்.

நாலு வருடம் நன்றாக இருந்தீர்கள். காலையிலும் மாலையிலும் குளிசை, மாதத்துக்கொரு முறை கிளினிக், அவ்வப்போது இரத்தம் குத்திப் பார்ப்பது. வலைக்குப் போனீர்கள், வந்தீர்கள், ரிஸ்னாவோடு சண்டை பிடித்தீர்கள். ஆனால் ஊருக்கு அது போதவில்லை. நீங்கள் சிரித்தால் "தொடங்கிட்டுது" என்றார்கள். பேசாமல் இருந்தால் "விழுந்திட்டான்" என்றார்கள். விலையில் ஏமாற்றிய மீன் வியாபாரியிடம் நியாயமாகச் சத்தம் போட்டபோது, "குளிசை போட்டாச்சா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். ஊரில் எல்லாருக்கும் கோபப்பட உரிமை இருந்தது, உங்களைத் தவிர. நோன்பு மாதத்தில் தோணிக்குப் பின்னால் மறைந்து நின்று தண்ணீர் குடித்ததை ஒருவன் பார்த்துவிட்டான். "வுடு, பைத்தியத்துக்கு நோன்பு கடமையில்ல" என்றானாம். அதை என்னிடம் சொல்லும்போது நீங்களும் சிரித்தீர்கள். பழகிவிட்ட சிரிப்பு.

பிறகு ரிஸ்னாவுக்கு மாம்புரியிலிருந்து சம்பந்தம் வந்தது. நல்ல பையன், மரக்கறித் தோட்டம் செய்கிறவன். பெருநாள் முடிந்ததும் நிக்காஹ் என்று பேச்சு. வந்தவர்களுக்குச் சோடா வாங்க நீங்கள் கடைக்குப் போனீர்கள். அந்த இடைவெளிக்காகவே காத்திருந்தவர் போல மாப்பிள்ளையின் பெரியவாப்பா தொண்டையைச் செருமினார்.

"ஒரு விசயம் கேக்கணும். பொண்ணுக்கு வலிகாரர் ஆரு? புத்தி சரியில்லாதவர் கை குடுத்தா நிக்காஹ் கூடுமா எண்டு எங்கட ஆக்கள் கேக்குறாங்க. சின்னவாப்பா ஒருத்தர் புத்தளத்துல ஈக்கிறார்தானே, அவர நிப்பாட்டினா ஒருத்தருக்கும் பேச்சில்ல."

மகளுக்காக வலிகாரராக நின்று மாப்பிள்ளையின் கையைப் பிடித்து ஒப்புக்கொடுப்பது ஒரு தகப்பன் வாழ்நாளில் சில தடவை மட்டும் செய்கிற காரியம். உங்களுக்கு ஒரே மகள். திரும்பிப் பார்த்தபோது நீங்கள் சோடாப் போத்தல்களோடு வாசலில் நின்றீர்கள். ஒன்றும் கேட்காதவர் போல வந்து, எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்தீர்கள், அந்தப் பெரியவாப்பாவுக்கு முதலில். அவர் கூச்சமில்லாமல் வாங்கிக் குடித்தார். பொய்ப்பல் தெரியச் சிரித்துக்கொண்டே குடித்தார்.

அவர்கள் போனபின் என்னிடம் கேட்டீர்கள்: "எனக்குப் புத்தி இருக்கா இல்லையா எண்டு யாரு தங்கச்சி பாத்துச் செல்றது? டொக்டர் செல்றது காணாதா?"

காணாது நானா. ஊருக்கு அத்தாட்சி வேறு மாதிரி வேண்டியிருந்தது. அடுத்த வாரம் நோன்பு. முப்பது நாளும் மற்றவர்களோடு கயிறு பிடித்து, மற்றவர்களோடு பள்ளியில் கஞ்சி வாங்கி நோன்பு திறந்தால், உங்களைப் பைத்தியம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது என்று கணக்குப் போட்டீர்கள். பள்ளியில் அப்போதுதான் வந்திருந்த இளம் மௌலவியிடம் போனோம். அவர் நல்லவர். "நோயாளிக்கு விலக்கு இருக்கு. டொக்டர் வேணாமெண்டா நீங்க பிடிக்கவே கூடாது. ஒரு ஏழைக்குச் சாப்பாடு குடுங்க, போதும்" என்றார். நீங்கள் மெதுவாகக் கேட்டீர்கள்: "என்ன நோயெண்டு சனம் கேட்டா, மௌலவி?" மார்க்கம் உங்களை விட்டுவிட்டது. ஊர்தான் விடவில்லை.

வரும் வழியில் கேட்டீர்கள்: "தங்கச்சி, சீனி வருத்தமெண்டு செல்லவா?"

சீனி என்றால் பாவம் என்பார்கள். பிரஷர் என்றால் கதிரை எடுத்துப் போடுவார்கள். உங்கள் வருத்தத்துக்கு மட்டும் பேர் சொல்ல முடியாது, சொன்னால் அதுவே தீர்ப்பு. இதெல்லாம் இப்போது எழுதும்போது தெரிகிறது. அன்றைக்கு நான் சிரித்தேன். "நீங்க தின்னுற இனிப்பு வட்டிலப்பத்துக்கு யாரு நம்புவா?" என்றேன். பிறகு சொன்னேன்: "ஒரு மாசந்தானே நானா, பிடிச்சிருங்க. எல்லார்ட வாயும் அடையும்." டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்க நினைத்தேன். பெருநாள் தையல் கடையில் மலையாகக் கிடந்தது. கேட்கவில்லை.

குளிசையை நீங்கள் விடவில்லை. விட்டால் வருத்தம் திரும்பி வரும் என்ற பயம். விடியுமுன் சஹருக்கு ஒன்று, நோன்பு திறந்ததும் ஒன்று. பகல் முழுக்கச் சுடுமணலில் கயிறு. முதல் பத்து நாள் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. "இண்டைக்குச் சம்மாட்டி தானா வந்து ஸலாம் செல்லிட்டுப் போறார்" என்றீர்கள். பத்துக்குப் பிறகு கஞ்சிக் கோப்பை உங்கள் கையில் ஆடியது. மதினி துடைத்தார். "கயிறு பிடிச்ச கை, அப்பிடித்தான்" என்றீர்கள். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு மெசினுக்குத் திரும்பினேன்.

கடைசிப் பத்தில் ஒரு நாள், நல்ல உச்சி வெயிலில், கடற்கரையில் நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. வீடியோவில் பார்த்தேன். நளீம் எடுத்தது. உங்களுக்குப் பக்கத்தில் நின்று கயிறு பிடிப்பவன், உங்கள் சைக்கிளை வாங்கிக்கொண்டு போனவன். நீங்கள் கால் பின்னி நடக்கிறீர்கள். மணலில் குந்தி வாந்தியெடுக்கிறீர்கள். ஏதோ சொல்ல வாயெடுக்கிறீர்கள், நாக்குப் புரளவில்லை. பின்னாலிருந்து நளீமின் குரல்: "எந்தச் சாராயத் தவறணையில நோன்பு தொறந்தீங்க நானா?" சுற்றிலும் சிரிப்பு. ஒருவர் குடிவெறி என்றார். இன்னொருவர் ஜின் என்றார். ஓதி ஊதுகிற ஒருவரைக் கூட்டி வந்து ஊதிப் பார்த்தார்கள். ஒரு வாய் தண்ணீர் தர ஒருவருக்கும் தோன்றவில்லை. வெறிகாரன் என்று சொன்ன வாயாலேயே, நோன்பாளி, தண்ணி குடுக்கக் கூடாது என்றும் சொன்னார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் நம்ப நம்முடைய ஊரால் முடிந்தது.

எனக்கு வந்த போன் கோலில் "நானாவுக்கு உடம்புக்கு ஏலாது" என்று யாரும் சொல்லவில்லை. "ஒங்கட நானா நோன்போட குடிச்சிட்டு ஆடுறார், வந்து கூட்டிப் போங்க, மானம் போகுது" என்றார்கள். வந்தேன். த்ரீவீலில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். "எத்தனை நாள் நோன்பு? இந்த வெயிலிலா?" என்று மட்டும் டொக்டர் கேட்டார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கையில் ஊசி ஏற்றியதும் நீங்கள் என் சீலைத் தலைப்பை இழுத்துக் குழறிக் குழறிக் கேட்டீர்கள்: "சேலைன் ஏத்தினா நோன்பு முறியுமா?" அதுதான் நீங்கள் கடைசியாகப் பேசியது. இரண்டாம் நாள் போய்விட்டீர்கள்.

உங்களைக் குளிப்பாட்டி முடிப்பதற்குள் ஊர் பேச்சை மாற்றிக்கொண்டது. நோன்பாளியாக மவுத்து, அதுவும் கடைசிப் பத்தில், குடுத்து வைத்தவர். சொர்க்கவாசி. நளீம் சந்தூக்குக்குத் தோள் கொடுத்தான். சம்மாட்டி கண்ணைத் துடைத்தார். பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்தார்கள், அவர்களின் வியர்வையும் அத்தரும் என் மேல் ஒட்டியது. வீட்டுக்கு வந்ததும் இரண்டு தடவை குளித்தேன். ரிஸ்னாவின் நிக்காஹ் மூன்று மாதம் தள்ளி நடந்தது. புத்தளத்திலிருந்து வந்து நம் தம்பி கை கொடுத்தான். அந்தப் பெரியவாப்பா எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "தகப்பன் மவுத்தானதால சின்னவாப்பா வலிகாரர்." எவ்வளவு சுத்தமாக முடிந்தது பாருங்கள். நீங்கள் இல்லாமல் போனதும் உங்களுக்குப் புத்தி சரியாகிவிட்டது.

இப்போது ஊரைப் பார்த்தால் சிரிப்பீர்கள். வலை இழுத்த கரையில் சம்மாட்டியின் மகன் வெள்ளைக்காரர்களுக்கு லொட்ஜ் போட்டிருக்கிறான். வாசலில் மூன்று மொழியில் பலகை: மன அமைதிக்கு ஏற்ற இடம். உங்களைக் கட்டிய தென்னையில் ஊஞ்சல் போட்டிருக்கிறது. பெட்டைகள் போனில் காலையில் மழை மத்தியானம் வெயில் என்றால் "வெதருக்கு பைபோலர்" என்று எழுதிச் சிரிக்கிறார்கள். முன்பு பேரே தெரியாமல் நாக்கு நீட்டினார்கள். இப்போது பேர் தெரிந்துகொண்டு நீட்டுகிறார்கள்.

போன வருடம் நளீம் கடைக்கு வந்தான். கால்சட்டை அளவு சுருக்க வேண்டும் என்றான். ஆட்கள் போகும்வரை நின்று, பையிலிருந்து ஒரு கிளினிக் கொப்பியை எடுத்து வைத்தான். அவனுடைய தம்பியின் கொப்பி. உள்ளே உங்களுடைய அதே குளிசையின் பேர். டொக்டர் சொல்வது விளங்கவில்லை, நான் வந்து சொல்லித் தர முடியுமா என்று கேட்டான். அந்தக் கொப்பியை அவன் முகத்தில் எறிய என் கை துடித்தது, பொய் சொல்லவில்லை. எறியவில்லை. அந்தப் பையனுக்கு இருபது வயது, விரல் நகத்தைக் கடித்துக்கொண்டு வாசலில் நின்றான். அன்றிலிருந்து மாதத்துக்கொரு முறை அவர்களோடு போகிறேன். டொக்டர் சொல்வதைத் தமிழில் சொல்கிறேன். கை உதறினால், வாந்தி வந்தால், நடை தள்ளாடினால், பேச்சுக் குழறினால். நோன்பு நேரத்தில் அந்தப் பையனுக்கு மத்தியானச் சாப்பாடு என் வீட்டில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. யாராவது எட்டிப் பார்த்தால் என்ன வருத்தம் என்று பேரோடு சொல்வேன். முதல் நாளே அவனிடம் கேட்டுக்கொண்டேன், அவன் சொல்லச் சொன்னான்.

போன மாதம் கிளினிக் வாசலில் நளீம் சொன்னான்: "ஊருல நீங்க மட்டுந்தான் ராத்தா அந்த நேரம் ஒங்கட நானாவ மனுசனா நெனச்சீங்க."

அவனிடம் சொல்லாததைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். மற்ற எல்லாரையும் இவ்வளவு நேரம் திட்டியது இதற்கு வருவதற்கு நேரம் எடுக்கத்தான் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அன்றைக்குக் கடற்கரைக்கு ஓடி வந்தேனே, கூட்டம் விலகி வழி விட்டது. நீங்கள் மணலில் உட்கார்ந்திருந்தீர்கள். என்னைக் கண்டதும் உங்கள் முகத்தில், அப்பாடா, இவள் வந்துவிட்டாள், இவளுக்கு விளங்கும் என்று ஒரு ஆறுதல் வந்தது. கை உதறியது, எழும்பப் பார்த்தபோது கால் தள்ளாடியது, பேச்சுக் குழறியது. டொக்டர் சொன்ன ஒவ்வொன்றும் என் கண் முன்னால். நான் தண்ணீர் கேட்கவில்லை. உங்கள் கையைப் பிடிக்கவில்லை. அத்தனை பேர் பார்க்க, குனிந்து உங்கள் வாயை மோந்து பார்த்தேன்.

உங்களுக்கு விளங்கிவிட்டது. எனக்கு வசதியாக வாயை நன்றாகத் திறந்து, ஊதிக் காட்டினீர்கள்.

ஒன்றும் மணக்கவில்லை நானா. இருபது நாளுக்கு மேல் நோன்பிருந்த வாயின் காய்ந்த வாடை மட்டும்தான் இருந்தது.